இரண்டாம் சோதனை

அந்த வகுப்பில் பதில் சரியா தப்பா என்பது அப்புறம். நேரத்துக்கு வந்ததா என்பதுதான் முதல் கேள்வி. வாத்தியார் வாயைத் திறந்தால் கிளாக், மூடினால் கிளாக். சிப்புக்குள் கிளாக் ஒருமுறை துடிப்பதற்குள் என்னென்ன வேலையை முடிக்கலாம் என்று பேச ஆரம்பித்தாரானால், வகுப்பு முடிந்த மணி அடித்தாலும் அவர் காதில் விழாது. மாணவர்கள் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடிகாரம் கையில் கடிகாரம் கட்டுவதில்லை என்பது வருஷா வருஷம் புதிதாகச் சேருகிறவர்கள் கண்டுபிடித்துச் சிரிக்கிற விஷயம்.

பாடம் ரொம்பச் சுலபமாகச் சொல்லக்கூடியது. நெட்வொர்க்கில் போகிற எதுவும் சின்னச் சின்ன பாக்கெட்டாகத்தான் போகிறது. அதில் வைரஸ் எது, திருட்டு வேலை எது என்று தேடிப் பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதித் தேடினால் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பதற்குள் ஒரு லட்சம் ஓடிவிடும். அதனால் தேடுகிற முறையையே மின்சுற்றாக மாற்றி ஒரு சிப்புக்குள் இறக்கிவிடு. பாக்கெட் கம்பியில் ஓடுகிற வேகத்திலேயே அதை மோப்பம் பிடித்துவிடலாம். இதைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதும். செய்து முடிக்கத்தான் முடி கொட்டிவிடும்.

இந்த வேலைக்கென்றே பிறந்தவள் மாதிரி ஒருத்தி அங்கே இருந்தாள். மற்றவர்கள் நாலு துடிப்பு செலவழிக்கிற இடத்தில் இவள் ஒரே துடிப்பில் காரியத்தை முடிப்பாள். சிப்பில் ஒரு மூலை சும்மா கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. கஞ்சம் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கேட்டவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுக்கிறவளுக்கு அந்தப் பெயர் அநியாயம்தான். பட்டப்பெயரில் நியாயத்தை யார் பார்த்தார்கள்?

தேடுவதற்குக் கடிகாரம் சொல்லிக்கொடுத்த வழிக்கு வகுப்பில் சல்லடை என்று பெயர். "சல்லடை ஒண்ணு இல்லைன்னு சொன்னா, சத்தியமா இல்லை. இருக்குன்னு சொன்னா, இருக்கலாம். அவ்வளவுதான். அதை முழுசா நம்பிடாதீங்க" என்பார். சல்லடை வேகமானது, ஆனால் அவசரக் குடுக்கை. சில சமயம் சம்பந்தமே இல்லாத பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு இதுதான் என்று சாதிக்கும். அதனால் அது பிடித்துக் கொடுத்ததை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிற இன்னொரு சுற்று பின்னாலேயே இருக்கும். அதுதான் இரண்டாம் சோதனை. மெதுவானது, ஆனால் பொய் சொல்லாது.

இந்த வருஷம் இரண்டாம் சோதனையை எடுத்துவிட்டார்கள். கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று லேபுக்குச் சிப் பதித்த புது போர்டுகளை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. கூடவே, பிடிக்க வேண்டிய வைரஸ்கள் என்று ஒரு பட்டியலும், மார்க் போடுவதற்கென்று சுவரில் மாட்டிய பெரிய திரையும் வந்தன. அவற்றைக் கொண்டுவந்த அதிகாரி மென்மையான குரல்காரர். ஒவ்வொரு மாணவரிடமும் போய், என்ன ஊர், வீட்டில் யார் யார் என்று விசாரித்துவிட்டு, "உங்களுக்கு வேகம்தான் வேலை. ரெண்டாம் சோதனை எங்க பொறுப்பு" என்றார். வேலை மிச்சம் என்று வகுப்பே சந்தோஷப்பட்டது. கஞ்சம் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டாள். சிப்பில் எவ்வளவு இடம் மிஞ்சும்!

பட்டியலில் நிஜமாகவே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சொற்களாக இல்லாமல் கைரேகை மாதிரி எண்களாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். கைரேகையை வைத்து ஆளின் முகத்தை வரைய முடியாது. ஆள் எதிரே வந்து விரலை நீட்டினால் பொருத்திப் பார்க்கலாம். போர்டு எதையாவது பொருத்தினால், அந்த பாக்கெட்டை அப்படியே, எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற முகவரியோடு, மார்க் திரைக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிற பகுதியைக் கஞ்சம்தான் தன் குழுவுக்காக எழுதினாள். சிக்கனத்தின் சிகரம் என்று கடிகாரமே பாராட்டினார். திரையில் ஒவ்வொரு குழுவின் பெயருக்கு நேராகவும் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தின் தலைப்பு 'பொருத்தம்'. எண் ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கட்டத்தின் தலைப்பு 'உறுதி'. அது எல்லோருக்கும் காலியாகவே கிடந்தது. யாரோ மறந்துபோய் விட்டுவிட்ட கட்டம் என்று நினைத்தார்கள்.

கஞ்சத்தின் வீட்டில் அம்மாவும் அண்ணனும்தான். அப்பா போன பிறகு குடும்பம் அண்ணன் தலையில் விழுந்தது. பாய்லர் ஆலையில் ஃபிட்டர். சின்ன வயதில் தங்கை உடைத்த சாமானுக்கெல்லாம் முன்னால் வந்து நின்று அடி வாங்கியவன். "நான்தான்மா உடைச்சேன்" என்று அவன் சொல்கிற வேகத்துக்கு இந்த சிப்பெல்லாம் பக்கத்தில் வர முடியாது. இப்போது பேச்சைக் குறைத்துவிட்டான். சில மாதங்களுக்கு முன்னால் ஆலையில் ஒரு பாய்லர் வெடித்து ஆட்கள் செத்துப்போனார்கள். வேலையாளின் கவனக்குறைவு என்று நிர்வாகம் கையைக் கழுவியது. அதற்கு அப்புறம் துருக்காரன் என்ற பெயரில் யாரோ இணையத்தில் எழுத ஆரம்பித்தான். எந்த வால்வு துருப்பிடித்தது, யார் கண்டும் காணாமல் விட்டார்கள் என்று புட்டுப் புட்டு வைத்தான். ஊரே படித்தது. அம்மாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "யார் பெத்த பிள்ளையோ, கொஞ்சமாவது பயம் இருக்கா பாரு" என்பாள். அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டான்.

ஆலை வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். திருப்பித் தரும்போது அது அதே போனாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அவன் ஹாலில் இருக்கிற கம்ப்யூட்டரைத்தான் தொடுவான். அதிலிருந்து போவதை வெளியாள் யாரும் படிக்க முடியாதபடி பூட்டு போட்டிருந்தவள் தங்கைதான். "நீ போட்ட பூட்டுதானே, எனக்கென்ன பயம்" என்று ஒருநாள் தங்கையிடம் சொன்னான். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அந்த லேபுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. போர்டைக் கடைசியாக ஒப்படைப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு நெட்வொர்க்கில் ஒருநாள் போனது வந்ததையெல்லாம் பிடித்துக் கொண்டுவந்து அதில் ஓட்ட வேண்டும். அதற்கு 'நல்ல தண்ணி' என்று பெயர். வைரஸ் கலந்து பரிசோதிக்கிற கலவைக்குச் 'சாக்கடை'. சாக்கடையில் போர்டு எதையெல்லாம் பிடிக்கிறது என்று பார்த்தாகிவிட்டது. நல்ல தண்ணியில் எதையும் பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மிச்சம். வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கொண்டு எடுத்து வாருங்கள் என்று கடிகாரம் சொல்லியிருந்தார். அவள் அம்மாவைக் கேட்டாள். "என்னத்தையோ பண்ணு" என்றாள் அம்மா. அண்ணன் அப்போது ஷிஃப்டில் இருந்தான். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டாள், மறந்துபோனாள். வீட்டுக் கம்ப்யூட்டரின் சாவியெல்லாம் அவளிடம்தான் இருந்தது, பூட்டிய பாக்கெட்டுக்குள் சல்லடையால் பார்க்க முடியாதே என்று பூட்டுகளைத் திறந்தே எடுத்து வந்தாள்.

ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின காலை. நல்ல தண்ணியை உள்ளே விட்டதும் போர்டின் மூலையில், பொருத்தம் கிடைத்தால் எரிகிற சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கியது.

"உங்க வீட்டுத் தண்ணியில பூச்சி இருக்கு" என்றான் நெட்டை. குழுவில் அவளுக்குக் கூட்டாளி. மேஜைக்கு அடியில் காலை வைக்க இடமில்லாமல் எப்போதும் பக்கவாட்டில் உட்காருகிறவன்.

"பூச்சியுமில்ல, புழுவுமில்ல. சல்லடை உளறுது."

"பிரிச்சுப் பாரேன்."

"அதெல்லாம் கூடாது."

அதுவும் அந்த லேபின் வழக்கம்தான். நல்ல தண்ணி பாக்கெட்டை யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள். தன் வீட்டுடையதே ஆனாலும் அதில் அம்மா இருப்பாள், அண்ணன் இருப்பான், அவர்களின் சொந்த விஷயம் இருக்கும். படிக்காமலே கண்டுபிடிக்க வேறு வழி இருந்தது. சல்லடையின் துளைகள் நாமே கொடுக்கிற கலவை எண் என்ற ஒன்றைப் பொறுத்து அமைகின்றன. எண்ணை மாற்றினால் துளைகள் இடம் மாறும். உளறலாக இருந்தால் விளக்கு அடுத்த முறை வேறு ஏதாவது பாக்கெட்டில் எரியும், அல்லது எரியாது. உண்மையாக இருந்தால் அதே பாக்கெட்டில் எரியும். நாகரிகமானவர்களின் முறை என்று கடிகாரம் இதைச் சொல்வார்.

அவள் எண்ணை மாற்றினாள். சிப்புக்கான சுற்றைத் திரும்பக் கட்டிமுடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நெட்டை மேஜையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். திரும்ப ஓட்டினாள். அதே பாக்கெட். விளக்கு மினுக்கியது.

தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் மறுபடியும் எண்ணை மாற்றினாள். மறுபடியும் காத்திருந்தாள். வெளியே யாரோ சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் கேட்டது. மூன்றாவது முறையும் அதே பாக்கெட், அதே விளக்கு.

"இது உளறல் இல்ல" என்றான் கண்விழித்த நெட்டை. இப்போது அவன் சிரிக்கவில்லை. பிறகு எழுந்து டீ குடிக்கப் போனான்.

அவன் போனதும் அவள் வழக்கத்தை மீறினாள். பாக்கெட்டைப் பிரித்தாள்.

'வால்வு வேலை செய்யவில்லை என்று சொன்னவன்தான் வெடித்ததில் செத்தான். இப்போது பழியும் அவன் மேல். மீதி வால்வுகளுக்குத் துருவின் மேலேயே பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து வெடிக்கப் போவது எது என்று நாளைக்குச் சொல்கிறேன். இப்படிக்கு, துருக்காரன்.'

இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை ஊரார் மாதிரி படித்தாள். இரண்டாவது தடவைதான் அது தன் வீட்டு ஹாலில், அம்மா தைத்த உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது என்று உறைத்தது. யார் பெத்த பிள்ளையோ என்று அம்மா கேட்டாளே. அவளுக்கு அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. பட்டியலில் வைரஸ் இருக்கிறது என்றார்கள். அவன் பெயர் அல்லவா இருக்கிறது.

பெயர் மட்டும்தான் இருந்தது. ஆள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததால்தானே தேடுகிறார்கள். அப்படி நினைத்து ஒரு மூச்சு விட்டவள், சுவரைப் பார்த்தாள். அவர்கள் குழுவின் பெயருக்கு நேராகப் பொருத்தக் கட்டத்தில் எண் மூன்று கூடியிருந்தது. அனுப்புகிற பகுதியை அவள் நிறுத்தி வைக்கவில்லை. நல்ல தண்ணியில் எதுவும் வராது என்ற தைரியம். அவள் எழுதிய சுற்று அவள் எழுதியபடியே, துளி தாமதமில்லாமல், பாக்கெட்டை வீட்டு முகவரியோடு மூன்று தடவை அனுப்பியிருந்தது.

கடிகாரம் தன் அறையில் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், மார்க் திரைக்குப் போற கேபிள் எங்க போய் முடியுது?"

அவர் முதலில் கதவைப் பார்த்தார், பிறகு அவளை. "ஏன் கேக்கற?"

"எங்க வீட்டு நல்ல தண்ணியில பொருத்தம் வந்துச்சு."

"எத்தனை தடவை?"

"மூணு."

"ஒரே கலவை எண்ணுலயா?"

"இல்ல சார். ஒவ்வொரு தடவையும் மாத்தினேன்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "எதுக்கும்மா மாத்தின?"

"நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க."

நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு தடவை வந்திருந்தா உளறல்னு தள்ளியிருப்பாங்க. அந்த மாதிரி அவங்களுக்கு எவ்வளவோ வருது, யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. மூணு கலவையில, ஒரே பாக்கெட், ஒரே வீட்டு முகவரி. ரெண்டாவது வந்தப்பவே கிளம்பியிருப்பாங்க, அதுக்கு மேல அவங்களுக்கு என்ன வேணும்?"

"திரை நம்ம லேபோடது இல்லையா சார்?"

"அது இங்க மாட்டியிருக்கு. அவ்வளவுதான்."

"பட்டியல்ல ஆள் பேர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல."

கேட்காமல் இருப்பதற்கும் ஒரு படிப்பு வேண்டும். அதில் அவர் பெரிய பட்டமே வாங்கியிருந்தார். ஆனாலும் அவள் கதவைத் திறந்தபோது பின்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, "போன் பண்ணணும்னா இந்தக் கட்டடத்துலேர்ந்து பண்ணாத" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது.

படிகளில் ஓடி இறங்கித் தெருவுக்கு வந்தாள். எதிரே ஜெராக்ஸ் கடை, பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்ட், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். எல்லாம் நேற்று இருந்த மாதிரியே இருந்தன. அண்ணனைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. ஆலை வாசலில் ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடந்து அடித்திருக்கும். அம்மாவைக் கூப்பிட்டாள்.

"நானே உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தேன்" என்றாள் அம்மா. "லைன் பாக்க ரெண்டு பேர் வந்திருக்காங்க. ரொம்ப நல்ல மாதிரி. வர்ற வழியில வாடின செடியைப் பாத்துட்டு, தண்ணி ஊத்துங்கம்மான்னு சொன்னாங்கன்னா பாரேன்."

"என்ன கேட்டாங்க?"

"இந்தக் கம்ப்யூட்டரை யாரெல்லாம் தொடுவாங்கன்னு கேட்டாங்க. என் பொண்ணைத் தவிர இந்த வீட்டுல யாருக்கும் அதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன். நீ படிக்கிற படிப்பைச் சொன்னதும் அப்படியான்னு கேட்டுக்கிட்டாங்க."

பெண்ணைப் பற்றி நாலு பேரிடம் பெருமையடிக்காமல் அம்மாவால் இருக்க முடியாது. எத்தனையோ தடவை அதற்காக அவளோடு சண்டை போட்டிருக்கிறாள். இன்றைக்கு அந்தப் பெருமை ஒரு வழியைத் திறந்துவிட்டிருந்தது. போர்டு வீட்டைத்தான் காட்டிக்கொடுத்தது, ஆளை இல்லை. வீட்டில் ஆள் யார் என்று அம்மாவே சொல்லியாயிற்று. சல்லடை தப்பான பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு இதுதான் என்று சாதிக்குமே, அப்படி இவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு போகட்டும். அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் அவர்கள் கிளம்பிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"போனை அவங்ககிட்ட குடும்மா."

"சொல்லுங்கம்மா." மென்மையான குரல். அவளுக்குத் தெரிந்த குரல்.

"நீங்க தேடற ஆள் நான்தான். துருக்காரன் நான்தான்."

"அப்படியா?"

"எங்க அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஒண்ணும் தெரியாது. ஆலை ஆளுங்க டீக்கடையில பேசினதைக் கேட்டு நான் எழுதினேன்."

"கடைசியா என்ன எழுதினீங்க?"

பாக்கெட்டில் படித்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்களே சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சும்மா. அங்கேயே இருங்க, வந்து கூட்டிட்டுப் போறோம்."

"அப்ப அங்கேர்ந்து கிளம்பிடுவீங்களா?"

"கிளம்பிடுவோம். எதுக்கும் ஒருவாட்டி சரிபார்த்துட்டு. ரெண்டாம் சோதனை எங்க பொறுப்புன்னு அன்னைக்கே சொன்னேனே."

அவர் போனை அணைக்கவில்லை. மேஜை மேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வீட்டு மின்விசிறியின் கடகட ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த ஒலியை ஒவ்வொரு வருஷமும் சரி செய்கிறேன் என்று அண்ணன் சொல்வான். போய்விடுங்கள், போய்விடுங்கள் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு வாசல் கேட் திறந்தது, சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தம்.

"வந்துட்டான்" என்றாள் அம்மா. "இவங்க லைன் பாக்க வந்தவங்கப்பா."

"ஒண்ணுமில்ல தம்பி, பதறாதீங்க" என்றது மென்மையான குரல். "உங்க தங்கச்சி இப்பதான் போன்ல ஒத்துக்கிட்டாங்க, துருக்காரன் அவங்கதான்னு. கூட்டிட்டுப் போகப் போறோம். எப்ப திரும்பி வருவாங்கன்னு சொல்ல முடியாது. வீட்டு ஆம்பளை உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னுதான் காத்திருந்தோம்."

"பேசாதண்ணா" என்றாள் அவள் போனுக்குள். "எதுவும் சொல்லாத. பேசாம இரு, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்." பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேஜை மேல் கிடந்த போனில் அது ஈ முரலுகிற அளவுக்காவது கேட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அண்ணன் யோசிக்கவே இல்லை.

"அவளுக்குப் பாய்லர் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதுங்க. நான்தான் எழுதினேன். அவளை விட்டுடுங்க."

"தெரியும் தம்பி" என்றார் அவர். நாற்காலி நகர்ந்தது. அம்மா ஏதோ கேட்க ஆரம்பித்தாள். இணைப்பு அறுந்துபோனது.

அவள் ஜெராக்ஸ் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. நெட்டை ரோட்டைக் கடந்து அவளை நோக்கி ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"உன்னை எங்கெல்லாம் தேடறது? அந்த உறுதின்னு ஒரு கட்டம் காலியாவே கிடந்துச்சே, அதுல நம்ம பேருக்கு நேரா ஒண்ணு விழுந்திருக்கு. லேப்ல வேற யாருக்கும் இல்ல. போர்டை நான் அணைச்சுக்கூட வச்சுட்டேன், அப்புறமும் எப்படி விழுந்துச்சு? நீ என்ன செஞ்ச?"